நாப்பத்தியொண்ணாம் நம்பர் வண்டி

பையை மேல வெக்கச் சொல்றீங்களா? வேண்டாமுங்க, மடியிலயே இருக்கட்டும். உங்களுக்கு எடைஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, நான் காலை ஒடுக்கிக்கறேன். பையை மட்டும் மேல வெக்க மாட்டனுங்க. உள்ள இருக்கறது காருக்குப் போத்தற துணி. சிரிக்காதீங்க. அந்த ஒரு காரு ஒடம்பு அளவுக்குன்னே தெச்சு, கப்பல்ல வந்த துணி. வேற எந்தக் காருக்குப் போட்டாலும் தொளதொளன்னு நிக்கும்.

நீங்க சேலத்துல ஏறினீங்க, பாத்தேன். நான் கோயமுத்தூருங்க. காலைல அஞ்சரைக்கு ஏறினது, ஸ்ரீபெரும்புதூர்ல எறங்கோணும். பேரு திருமூர்த்தி. டிரைவருங்க. இருவத்தாறு வருசமா ஒரே மொதலாளிகிட்ட டிரைவரு. டிரைவரா இருந்துட்டு பஸ்ஸுல போறானேன்னு நெனைக்கறீங்க, மூஞ்சியிலயே தெரியுது. அதையேதானுங்க நானும் கோயமுத்தூர்ல இருந்து நெனைச்சுட்டு வாரேன். பாருங்க, இந்த பஸ்ஸுக்காரன் கியர் மாத்தற லட்சணத்தை. ஆட்டுரல்ல கல்லுப் போட்டு ஆட்டறாப்பல. நாங்க கியர் போட்டா பின்னாடி உக்காந்திருக்கறவங்க கையில காப்பி தளும்பாதுங்க. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்கே சொல்றேன்னு வெச்சுக்கங்களேன். இன்னைக்கு எனக்கு வேற என்ன இருக்குது?

எங்க மொதலாளி கோவர்த்தன் சாரு. பம்புசெட்டுக் கம்பெனி. அவங்கப்பா, பெரிய மொதலாளி, அந்தக் காலத்துல சோழவரத்துல கார் ரேஸ் ஓட்டினவரு. ஒருக்கா மூணாவதா வந்து கப்பு வாங்கினாரு. அந்தக் கப்பு இன்னும் ஆபீஸ் ரூம்புல இருக்குது, அதுல பேனா பென்சில் போட்டு வெச்சிருக்காங்க. "எங்க ஒடம்புல ஓடறது ரேஸ் ரத்தம் திருமூர்த்தி"ன்னு சின்னவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ரத்தம் ஓடுச்சு, சரிங்க, ரோடு ஓடோணுமல்லோ? எங்க சந்து மொத்தமே இருநூறு அடி. ஒரு பக்கம் பங்களா, எதுத்தாப்பல அங்கன்வாடி, முக்குல புள்ளையார் கோயிலு.

இந்தக் காரு வந்தது போன ஆடியில. வேண்டாங்க, ஆடியில எறக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. வெளிநாட்டுக் கம்பெனி, பேரு என் வாய்க்குள்ள நொழையாது. அந்தக் கம்பெனிக் காரு ஒண்ணு ஆயிரத்தித் தொளாயிரத்தி அறுபத்திமூணுல ஒரு ரேஸுல ஜெயிச்சுதாம். ஒரு பகலும் ஒரு ராவும் நிறுத்தாம ஓட்டற ரேஸு. அதோட நெனைப்புக்கு இப்ப அறுபத்திமூணே காரு செஞ்சாங்க. அறுபத்தி நாலாவது கேட்டா, சாமியே வந்து கேட்டாலும் கெடைக்காது. எங்களுது நாப்பத்தியொண்ணு. கதவு எறக்கை மாதிரி மேல தூக்கும். தூக்கினா ஓரத்துல ஒரு வெள்ளித் தகடு, அதுல நம்பரு வெட்டியிருக்குது. அந்தப் பழைய காருக்கு இருந்த நெறமே இதுக்கும். அடர் பச்சை, மூக்குல மஞ்சப் பட்டை, கதவுல வெள்ளை வட்டத்துக்குள்ள பதினேழு.

பாக்கோணுமுங்க. கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கற சிறுத்தை மாதிரி இருக்கும்.

சரி, அழகு கெடக்கட்டும். வந்த அன்னைக்கு நடந்த கூத்தைச் சொல்றேன். லாரி சந்து முக்குல நின்னுபோச்சு. காரை எறக்கி, மொதலாளி உள்ள உக்காந்து, உறுமிக்கிட்டு வாராரு. அங்கன்வாடிக்கு முன்னாடி வந்தா, வேகத்தடை. தடையா அது? கரடுங்க, சின்ன மலைக் கரடு! இந்தக் காருக்கும் தரைக்கும் நடுவுல நாலு வெரக்கடை. ஒரு பொத்தானை அமுக்கினா மூக்கு மட்டும் இன்னும் ரெண்டு வெரக்கடை எந்திரிக்கும். அந்தத் தடை எட்டு வெரக்கடைக்குக் கொறையாது. அவ்வளவுதான். ராக்கெட்டு வேகத்துல போற வண்டி, அங்கன்வாடி முன்னாடி எருமை மாதிரி நின்னுபோச்சு. குழந்தைங்க எல்லாம் சன்னல்ல தொத்திக்கிட்டு ஓ-ன்னு கத்துதுங்க.

பம்புசெட்டுக் கம்பெனியில இருந்து பதினாறு ஆளு வந்தாங்க. பலகை பலகையா அடுக்கி, அங்கேயும் இங்கேயும் சரிவு கட்டி, மொதலாளி உள்ள இருக்க, நான் முட்டி போட்டுத் தரையில கன்னத்தை வெச்சு, அடியில பாத்து, "வாங்க, வாங்க, நில்லுங்க, ஒரு மயிரெழை வாங்க"ன்னு சொல்லச் சொல்ல, அந்த எட்டு வெரக்கடையத் தாண்ட ஒண்ணே கால் மணி நேரம். பங்களாவுக்குள்ள போனதுதான். அப்பறம் ஏழு மாசம் வெளிய வரலீங்க. யானையை வாங்கிப்போட்டுக் கூடையில கவுத்து வெச்ச கதை.

நெசமாலுமே ஏழு மாசமுங்க. நான் தினமும் தொடைப்பேன். தொடைக்கறதுன்னா வெளிப்பக்கம் மட்டும். உள்ள கை வெக்கக்கூடாது. அது ஏன்னு சொல்றேன், அதுலதான் என் வயித்தெரிச்சலே இருக்குது.

வந்த மறுநா விடியக்காலம். நான் வாளி, துணியோட போறேன். பாத்தா, பின் சக்கரத்துக்கு மேல ஒரே கருப்பு. எண்ணெய் வழிஞ்சு, புழுதி ஒட்டி, அங்கங்க கீறல் வேற. அடப்பாவிகளா, புதுக் காரை இப்பிடியா கப்பல்ல ஏத்துவாங்கன்னு எனக்கு வந்த கோவத்துக்கு, மண்ணெண்ணெய் தொட்டு ஒரு மணி நேரம் தேச்சனுங்க. எறும்பு ஊரிக் கல்லுத் தேயறாப்பல விடாம தேச்சேன். ஒரு கையகலம் நல்லா வெளுத்து, பச்சை பளபளன்னு வந்துச்சு. சந்தோசத்துல போயி மொதலாளியக் கூட்டிட்டு வந்தேன்.

அவரு தலையில கைய வெச்சு உக்காந்துட்டாருங்க. அது அழுக்கு இல்லையாம்! வரைஞ்சதாம்! அறுபத்திமூணுல அந்த ரேஸ் முடியறப்ப பழைய காருல எங்கெங்க எண்ணெய் வழிஞ்சிருந்துச்சோ, எங்கெங்க கீறியிருந்துச்சோ, அதைப் போட்டோவுல பாத்து, ஓவியக்காரங்க கையால வரைஞ்ச அழுக்காம். ஆரோ ஒருத்தன் அறுவது வருசத்துக்கு முன்னாடி ஓட்டின காரு அழுக்கை இன்னொருத்தன் புதுக் காருல வரைவான்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? எங்கூருல அழுக்கைக் கண்டா தொடைப்போம். வெளிநாட்டுல இருந்து ஒரு ஆளு வந்து, நாலு நா பங்களாவுல தங்கி, அந்தக் கையகலத்துக்கு மறுபடியும் அழுக்கு வரைஞ்சுட்டுப் போனாரு. நான் அவருக்கு டீ வாங்கிக் குடுத்தேன்.

அது கெடக்கட்டும், அதுக்கு மொதலாளி திட்டினாரு, நானும் வாங்கிக்கிட்டேன், நாயம்தான். எம்மேல தப்பு இருந்தா நான் ஒத்துக்கற ஆளுங்க. இன்னொரு விசயத்தைக் கேளுங்க.

காரோட பெங்களூர்ல இருந்து காருக் கம்பெனித் தம்பி ஒருத்தரு வந்திருந்தாரு. நல்ல தம்பி. அவரு மொதலாளிகிட்ட, "உங்களைத் தவிர இன்னொருத்தருக்கு ஓட்டறதுக்குப் பழக்கிக் குடுப்போம், ஆரு பேரு போடட்டும்"னு கேட்டாரு. நான் பக்கத்துலயே நிக்கறேன். சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கிட்டு நிக்கறேன். மொதலாளி என்னைப் பாத்தாரு. பாத்துட்டு, "இவன் பேர்ல ஆக்சிடென்ட் கேஸு இருக்குது, வேண்டாம்"னு சொல்லிப்போட்டாரு. கம்பெனித் தம்பியும், கேஸு இருந்தா எங்க ரூல்ல ஒத்துக்காதுன்னு அடிச்சுப்போட்டாரு.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? கைக்கெட்டினது வாய்க்கெட்டல. ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. மொதலாளி மேல இல்லீங்க, அவரு இருக்கறதைத்தானே சொன்னாரு. அந்த டீச்சரம்மா மேல. அங்கன்வாடி நிர்மலா டீச்சரு. அந்தம்மா அன்னைக்குப் புகாரு குடுக்காம இருந்திருந்தா கேஸு ஏது? கேஸு இல்லைன்னா நாப்பத்தியொண்ணாம் நம்பரு வண்டிக்கு நாந்தானுங்களே டிரைவரு? அந்தத் தடை, அதுவும் அந்தம்மா மனுக் குடுத்துப் போட வெச்சதுதான். என்னைக் கட்டிப்போட்டதும் அந்தம்மா, காரைக் கட்டிப்போட்டதும் அந்தம்மா.

என்ன கேஸா? சொல்றேன். நீங்க சேலம், நான் கோயமுத்தூரு. எறங்கிட்டா நீங்க ஆரோ, நான் ஆரோ.

ஏழு வருசத்துக்கு முன்னாடி மொதலாளி ஒரு செவப்புக் காரு வெச்சிருந்தாரு. அதுவும் வெளிநாடுதான். ஒரு நா காலைல ஒம்பது மணிக்கு அங்கன்வாடியத் தொறக்க டீச்சரு சாவியோட ரோட்டைத் தாண்டறாங்க. காரு பங்களாவுல இருந்து வெளிய வந்துச்சு. அடிச்சுப்போட்டுது. இடது காலு மூணு எடத்துல முறிஞ்சு, உள்ள கம்பி வெச்சாங்க. இப்ப நடக்கறாங்க. கொஞ்சம் சாச்சு நடப்பாங்க, ஆனா நடக்கறாங்க. நடக்கறவங்களுக்கு என்னங்க கொறை?

நான் அப்ப ரேசன் கடையில வரிசையில நிக்கறேன். பச்சரிசி போடறாங்கன்னு எங்கூட்டுக்காரி அனுப்பியிருந்தா. மொதலாளி போனு. பையை அங்கயே போட்டுட்டு ஓடினேன். ஹால்ல நடந்துக்கிட்டே இருக்காரு, பாவம். "திருமூர்த்தி, நீ ஓட்டினேன்னு சொல்லிரு. எனக்குன்னா பாஸ்போர்ட்டு, வெளிநாட்டு ஆர்டரு, எல்லாம் போயிரும். உனக்கென்ன?"ன்னாரு. நாயமான பேச்சுதானுங்களே. எனக்கென்ன? பாஸ்போர்ட்டா இருக்குது? எம்புள்ளைக்கு நர்சிங் சீட்டு வாங்கிக் குடுத்தவரு அவரு. பங்களாவுக்குப் பின்னாடி வீடு குடுத்து வெச்சிருக்கவரு அவரு. உப்புத் தின்னவன் என்ன செய்வான்? நேரா ஸ்டேசனுக்குப் போயி, நாந்தான் ஓட்டினேன்னு சொன்னேன். இதெல்லாம் எங்க தொழில்ல உள்ளதுதானுங்க. மொதலாளி மோதினா டிரைவரு மோதினாப்பல. இதுக்கு ஆரும் பேரெல்லாம் வெக்கறதில்ல.

ஆறு மாசம் லைசென்ஸைப் புடுங்கி வெச்சிருந்தாங்க. கேஸு இன்னும் வாய்தா வாய்தான்னு போகுது. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கோர்ட்டு வராந்தாவுல நானும் அந்தம்மாவும் எதுத்தெதுத்தாப்பல உக்காருவோம். ஒரு வார்த்தை பேசினதில்ல.

இப்பக் கேளுங்க. தைப்பொங்கல் கழிச்சு மொதலாளி என்னைக் கூப்புட்டாரு. "திருமூர்த்தி, அந்தத் தடையை எடுக்க ஒரு வழி பண்ணு. எடுத்துட்டேன்னா அவினாசி ரோட்டுல ஒரு ரவுண்டு நீயே ஓட்டு. கம்பெனி ரூலு கெடக்குது, நாஞ் சொல்றேன்"னாரு. கரும்பு தின்னக் கூலியா? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எங்கூட்டுக்காரிகிட்ட, எந்தச் சட்டையப் போட்டுக்கறதுன்னு கேட்டேன்னா பாத்துக்கங்க.

மறுநாளே வார்டு ஆபீசுக்குப் போனேன். நாலு நா நடையா நடந்தேன். அஞ்சாம் நா அந்த எஞ்சினியரு, "எடுக்கலாம், ஆனா மனுக் குடுத்த அந்தம்மா ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கோணும்"னாரு. சாமி வரம் குடுத்தும் பூசாரி குடுக்கல. எந்தப் பூசாரி? அதே பூசாரி!

போனேன். ஒரு சீப்பு நேந்திரம்பழம் வாங்கிட்டுப் போனேன். மத்தியானம், குழந்தைங்க எல்லாம் பாயில படுத்துத் தூங்குது. டீச்சரு முட்டைத் தோலு பொறுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் எந்திரிக்கல. எந்திரிக்கறதுன்னா அவங்களுக்குச் செவுத்தைப் புடிக்கோணும்.

"வாங்க. ஏழு வருசமா கோர்ட்டுல பாக்கறேன், இன்னைக்குத்தான் மொதத் தடவை பேசறீங்க"ன்னாங்க. நான் விசயத்தைச் சொன்னேன். காரு எவ்வளவு ஒசந்ததுன்னு சொன்னேன். அறுபத்திமூணுல ஒண்ணுன்னு சொன்னேன். அந்த அழுக்கு வரைஞ்ச கதை வரைக்கும் சொன்னேன். சிரிச்சாங்க. நல்லாத்தான் சிரிச்சாங்க. சரி, கையெழுத்து விழுந்துரும்னு நெனைச்சேன்.

"அன்னைக்குக் காருல இருந்து எறங்கினவரு வெள்ளை ஷூ போட்டிருந்தாருங்க. நான் ரோட்டுல கெடந்தேன், எனக்குத் தெரிஞ்சது அந்தக் காலு மட்டுந்தான். போலீசுல சொன்னேன், எழுதிக்கல. நீங்க கோர்ட்டுல வந்து ஆரு ஓட்டினதுன்னு சொல்லுங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்"னாங்க.

எப்பிடி இருக்குது பாருங்க! தடைக்கும் கேஸுக்கும் என்னங்க சம்பந்தம்? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறாங்க. வெடுக்குன்னு எந்திரிச்சு வந்துட்டேன். பழத்தை மட்டும் வெச்சுட்டு வந்தேன், குழந்தைங்க திங்கட்டும்னு.

ரெண்டாவது தடவை எங்கூட்டுக்காரியக் கூட்டிட்டுப் போனேன். பொம்பளைக்குப் பொம்பளை பேசினா எறங்கி வருவாங்கன்னு ஒரு ரோசனை. ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உள்ள நாயம் பேசினாங்க, நான் வெளிய செருப்புக்குக் காவலு. வெளிய வந்தவ, "அந்தம்மா சொல்றதுல என்னங்க தப்பு?"ங்கறா! எங்கூட்டுச் சோத்தைத் தின்னுட்டு! ரெண்டு நா நான் அவகிட்டப் பேசல.

இந்தப் பக்கம் மொதலாளி தினமும் நச்சரிக்கறாரு. காலைல பேப்பர் எடுத்துட்டுப் போனா, "என்ன ஆச்சு?" ஆபீஸ் போற காருக்குக் கதவைத் தொறந்தா, "என்ன ஆச்சு?" வாட்ச்மேன் முன்னாடியே, "ஒரு அங்கன்வாடி டீச்சருகிட்டக் கையெழுத்து வாங்கத் துப்பில்லாத ஆளு, நீ எதுக்குடா எனக்கு?"ன்னாரு. டா-ன்னு அவரு சொல்றது புதுசில்ல. வாட்ச்மேன் சிரிச்சான் பாருங்க, அது புதுசு.

மூணாவது தடவை போனேன். போன வாரம், செவ்வாக்கிழமை. அங்கன்வாடி முடிஞ்சு பூட்டிட்டு இருந்தாங்க. "டீச்சர், கோர்ட்டுல எல்லாம் என்னால சொல்ல முடியாதுங்க, எனக்காகப் பாருங்க, ஒரே ஒரு ரவுண்டுங்க"ன்னு கேட்டேன். கையைக் கூப்பித்தானுங்க கேட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன.

பூட்டை ஒருக்கா இழுத்துப் பாத்தாங்க. "சரிங்க, கோர்ட்டு வேண்டாம். இங்க வேற ஆருமில்ல. எம்மூஞ்சியப் பாத்து ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நீங்களா ஓட்டினீங்க?"ன்னாங்க. "நமக்குள்ளயே, எனக்கு மட்டும். சொல்லிட்டீங்கன்னா கையெழுத்துப் போடறேன்."

நெசத்தைச் சொல்லியிருக்கலாமுன்னு தோணுதா உங்களுக்கு? ஆருமில்லைதான். எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க, பொய் சொல்லல. ஆனா ஏழு வருசமா சொன்ன வாயி. பழகிப்போச்சு. "நாந்தானுங்க ஓட்டினேன்"னுட்டேன்.

அந்தம்மா சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன். போடல. சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம். போயிட்டு வாங்க. அந்தத் தடை அங்கயே இருக்கட்டும். அது எங்களுக்கு மட்டும் போட்டதில்லீங்க, உங்களுக்குந்தான்"னு சொல்லிட்டுச் சாச்சு சாச்சு நடந்து போயிட்டாங்க. எனக்குந்தானாம்! கேட்டீங்களா நாயத்தை? நான் காருல போனாத்தானே எனக்குத் தடை? என்னமோ பெரிய மகான் மாதிரி சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு இன்னும் அதை நெனைச்சாக் கடுப்பா வருது.

அவ்வளவுதான், மொதலாளிக்குப் பொறுமை போயிருச்சு. சென்னைப் பக்கத்து ரேஸ் மைதானத்துல நாளைக்கு ஒரு விழா. பழைய ரேஸ் காரு, புது ரேஸ் காரு எல்லாம் கூடுது. அங்க போயி ஓட்டிக்கறேன்னு கெளம்பிட்டாரு. மறுபடியும் பலகை, மறுபடியும் பதினாறு ஆளு, மறுபடியும் நான் தரையில கன்னத்தை வெச்சு. காரு மூடின லாரியில முந்தாநேத்தே போயிருச்சு. அவரு பிளேன்ல போனாரு. "நானுங்க?"ன்னு கேட்டேன். "நீ எதுக்கு?"ன்னாரு. அப்பறம் பாத்தா, போத்தற துணிய மறந்துட்டாங்க. நேத்து சாயங்காலம் போனு. "பார்சல்ல எல்லாம் போடாதே, நீயே கையில எடுத்துட்டு வா"ன்னாரு. துணிக்கு ஒரு ஆளு வேணுமல்லோ? அந்த ஆளுதான் நானு.

இன்னைக்குக் காலைல காரை எறக்கி, பெரிய ரோட்டுல ஒரு ஓட்டம் உட்டுப் பாக்கறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. பாக்கட்டும். அங்க ஆறு வழி ரோடு, அங்கன்வாடியும் இல்ல, கரடும் இல்ல. ஆரு கையெழுத்தும் வேண்டாம்.

சித்தெ இருங்க, போனு. அட, அவரேதானுங்க! நூறு ஆயுசு.

சொல்லுங்க சார். ஆம்பூரு தாண்டிட்டோமுங்க சார். இருக்குதுங்க, பத்திரமா மடியிலதான் வெச்சிருக்கேன். என்னங்க சார்? லைசென்ஸா? சட்டைப் பையிலயே இருக்குதுங்க சார், அது இல்லாம நான் எங்கீங்க போறேன்? சார்? சார், கேக்கலீங்க. சார்!

டவர் போச்சு. கேட்டீங்களா? லைசென்ஸ் எடுத்துட்டு வந்தியான்னு கேக்கறாரு! லைசென்ஸு! எதுக்குங்க கேப்பாரு? மனசு மாறிட்டாரு. அங்க பெரிய ரோட்டைப் பாத்திருப்பாரு, இவனும் ரெண்டு மாசமா நாயா அலைஞ்சானே, ஒரு ரவுண்டு ஓட்டட்டும்னு தோணியிருக்கும். கோவக்காரருங்க, ஆனா மனசு தங்கம். நான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட அவரைப் பத்தி ஏதாச்சும் தப்பாச் சொல்லியிருந்தா மறந்துருங்க. இந்தச் சட்டை பரவால்லீங்களா? காலரு கொஞ்சம் அழுக்கு, தெரியுதா?

மறுபடியும் அடிக்குது பாருங்க.

சொல்லுங்க சார். இப்ப நல்லாக் கேக்குதுங்க. ம். எந்த எடத்துலீங்க? ஐயோ. ம். சரிங்க சார். ம். ரெண்டு பேருங்களா? ஆஸ்பத்திரிக்கு... சரிங்க. அழுகாதீங்க சார். நீங்க ரூமுக்குள்ளயே இருங்க, ஆருகிட்டயும் பேசாதீங்க. சரிங்க. புரியுதுங்க. கிழிச்சுப் போட்டர்றேன். சரிங்க சார். வாரேன். வாரனுங்க.

ஒண்ணுமில்லீங்க.

ஒரு மொபெட்டு. புருசனும் பொண்டாட்டியும். பக்கத்து ரோட்டுல இருந்து ஏறியிருக்காங்க, இவரு வந்த வேகத்துக்கு அவங்களுக்கும் தெரியல, இவருக்கும் தெரியல. புருசனுக்குப் பரவால்லையாம். அந்தப் பொண்ணைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. கேட்டிருக்கோணும். கேக்கல.

நான் நேத்தே லாரிகூட வந்துட்டேன்னு சொல்லோணுமாம். காலைல இருந்து காரு எங்கிட்டத்தான் இருந்துச்சாம். பஸ்ஸு டிக்கெட்டைக் கிழிச்சுப் போடச் சொன்னாரு. இதுதானே டிக்கெட்டு? இதுல நேரமெல்லாம் அடிச்சிருக்குது, ஆமா. விடுங்க. நீங்க எதுக்குங்க என் கையப் புடிக்கறீங்க? விடுங்கன்னா. வலிக்குது. தம்பி, நான் உங்களைவிட வயசுல மூத்தவன், எனக்குத் தெரியாதா? எங்க போயிச் சொல்றது, ஆருகிட்டச் சொல்றது? இருவத்தாறு வருசமுங்க. எம்புள்ளை அந்த வீட்டுல இருந்துதான் டூட்டிக்குப் போகுது. கிழிச்சாச்சு. சன்னல்ல போட்டாச்சு. ஆராச்சும் கேட்டா நீங்களும் என்னைப் பாக்கலீங்க.

எனக்கு இப்பக் கவலை அது இல்ல. போலீசுக்காரன் உட்டுருவானா? எப்பிடி ஸ்டார்ட் பண்ணினே, காட்டுன்னு கேப்பான். செவப்புக் காரு பரவால்ல, நூறு தடவை ஓட்டினது, கண்ணை மூடிட்டுச் சொன்னேன். இதுக்குச் சாவியா, பொத்தானா, கியர் எங்க இருக்குதுன்னு கூட, தொடைக்கறப்ப கண்ணாடி வழியாப் பாத்ததுதான். கருப்புக் கண்ணாடி, அதுலயும் என் மூஞ்சிதான் தெரியும். சீட்டு அவரு ஒடம்புக்கு அளவெடுத்து வார்த்தது, நான் உக்காந்தா உள்ள போவனா மாட்டனான்னே தெரியாது.

நீங்க படிச்சவரு. கையில பெரிய போனு வெச்சிருக்கீங்க. அந்தக் காரு உள்பக்கம் இருக்கற படம் ஏதாச்சும் வருதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. பச்சைக் காரு, மூக்குல மஞ்சப் பட்டை, நம்பரு பதினேழுன்னு போட்டுப் பாருங்க. ஸ்ரீபெரும்புதூர் வர இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்குது, அதுக்குள்ள நான் மனப்பாடம் பண்ணிக்குவேன்.

ஏனுங்க, போனை எடுக்காம என்னையவே பாக்கறீங்க? ஏழு மாசம், தினம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுத் தொடைச்சனுங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா அந்த மனுசன் என்னை அதுல உக்கார வெச்சிருந்தா, இப்ப நான் உங்ககிட்ட இதைக் கேட்டுட்டு இருப்பனா?